மேலே என்ன சாமி?

ஃப்ரீமாண்ட்டில் குடியிருக்கும் தமிழர்கள் இரண்டு வகை. மிஷன் பீக் ஏறியவர்கள் ஒரு வகை. அடுத்த சனிக்கிழமை ஏறப்போகிறவர்கள் இன்னொரு வகை. பின்னவர்கள்தான் அதிகம். ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் கிழக்கே அந்த மலை தெரிகிறது. பால் வாங்கப் போனால் தெரியும், பல் டாக்டரிடம் போனால் தெரியும், பிள்ளையைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டுக் காருக்குள் காத்திருந்தாலும் கண்ணுக்கு நேரே நிற்கும். சும்மா நிற்கிற மலை என்றால் பரவாயில்லை. "இன்னும் வரலையா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிற மலை.

உயரம் 2,500 அடிக்குக் கொஞ்சம் மேலே. கொடைக்கானலில் இதைவிட உயரத்தில் பஸ் ஸ்டாண்டே இருக்கிறது. ஆனாலும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை 3 மைல் நடையில் 2,000 அடிக்கு மேல் ஏற வேண்டும், அதில் பெரும்பகுதி மரநிழல் இல்லாத புல்வெளி என்றால் முழங்காலுக்கு விஷயம் புரியும். காலடியில் 1797-ல் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய மிஷன் சான் ஹோசே இருப்பதால் மலைக்கு இந்தப் பெயர். அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக ஒலோனி மக்களின் மண். அவர்கள் பெயரைப் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியின் கார் நிறுத்துமிடம் இந்தக் கதையில் பின்னால் வரும்.

நானும் வீட்டுக்காரரும் முதல்முதலாக இந்த மலை ஏறியது 1999 மார்ச்சில். ஊர்க் கணக்கில் மாசிக் கடைசி. அதே மாசிக் கடைசியில் இந்த வருஷமும் ஏறினோம். இரண்டுக்கும் நடுவில் மலை மாறியதாகத் தெரியவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் விமானம். வந்து இறங்கினபோது மலை வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. "இதுதான் அமெரிக்காவா? எங்க வத்திராயிருப்புப் பக்கமே இதைவிடப் பச்சையா இருக்குமே" என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. புதுப்பெண். வீட்டுக்காரருக்கு அப்போது ஒய்-டூ-கே வேலை. 2000 ஜனவரி 1-ஆம் தேதி காலையில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிடும் என்று பயந்து, அதைத் தடுக்க மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பையன்களை இறக்கியிருந்தார்கள். அவர் பழைய கோபோல் நிரல்களில் இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக்கிக்கொண்டிருந்தார். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எச்-4 விசாவில் வந்த மனைவி வேலைக்குப் போகக் கூடாது. அந்தச் சட்டத்தில் கொஞ்சம் கதவு திறந்தது 2015-ல், அதுவும் சிலருக்கு மட்டும். அதற்குள் நான் வேறு வழியில் கிரீன் கார்டும் வாங்கி, பிள்ளையும் பெற்று, வேலைக்கும் போய், வேலை அலுத்தும் போயிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது. நவம்பரில் மழை பிடித்தது. நாள் ஆக ஆக வைக்கோலுக்கு அடியிலிருந்து பச்சை கிளம்பி, பிப்ரவரிக் கடைசியில் மலை முழுக்க ஒரே பயிர்ப் பச்சை. எந்த விவசாயி நட்டது என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு. பின்னாளில் தெரிந்துகொண்டேன்: அந்தப் புல்லில் பெரும்பாலானது இந்த மண்ணின் புல்லே இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களோடும் அவர்களுடைய மாடுகளோடும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளூர்ப் புல்லை ஓரங்கட்டிவிட்டு இங்கேயே தங்கிவிட்டது. மார்ச்சில் சரிவெல்லாம் மஞ்சளாய்ப் பூக்கும் கடுகும் அப்படித்தான். பாதிரிமார் வழியெங்கும் விதை தூவிக்கொண்டே போனதாக ஒரு கதை சொல்கிறார்கள். ஆக, மலையில் பார்க்கிற அழகில் பாதி, நம்மைப் போல எப்போதோ வந்து, திரும்பிப் போகாத கூட்டம். கலிபோர்னியாப் பாப்பி என்கிற அந்த ஆரஞ்சுப் பூ மட்டும் அசல் உள்ளூர்க்காரர். 1903 முதல் மாநில மலர். பட்டம் கொடுத்துவிட்டு இடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை, காலையில் காப்பி குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "மலைக்குப் போவமா?" நான் "சரி" என்றேன். திட்டமிடல் அத்தோடு முடிந்தது.

ஏன் மலை என்றால், மலைக்குக் காசு இல்லை. வாங்குகிற சம்பளத்தை நாற்பத்திச் சொச்சத்தால் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். காசில்லாமல் பொழுது போக்க எங்களுக்குத் தெரிந்தது மூன்றே இடம்: நூலகம், மால், லிவர்மோர் கோயில். கோயிலுக்குப் பெட்ரோல் ஆகும். போனால் உண்டியலும் இருக்கும். மலை வாசலில் உண்டியல் இல்லை.

கிளம்பின கோலத்தைச் சொல்ல வேண்டும். அவர் ஆபீசுக்குப் போடுகிற கறுப்பு ஷூ. நான் சுடிதார், அதற்கு மேலே கிழக்கும் மேற்கும் பொருந்தாத ஒரு ஸ்வெட்டர், காலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கின செருப்பு. தண்ணீருக்கு, கழுவி வைத்திருந்த ஒரு காலன் பால் கேன். அதைக் காதைப் பிடித்து இவர் கொஞ்ச தூரம், நான் கொஞ்ச தூரம் என்று தூக்கினோம். அலுமினியத் தாளில் புளியோதரை. தனித் தாளில் பொரித்த அப்பளம். அது பாதி வழியில் தூளாகிவிடும் என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டது. வழிக்கு, சுருள் கம்பி போட்ட தாமஸ் கைடு வரைபடப் புத்தகம். அதில் மலைப்பாதை தொடங்குகிற ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நாங்கள் எங்கே போகிறோம் என்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

தெருக்கோடியில் வண்டியை நிறுத்தினோம். இடம் கிடந்தது.

நான் மலை ஏறத் தெரியாதவள் இல்லை. சதுரகிரி எங்கள் ஊர் மலை. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன். பிலாவடிக் கருப்பரைக் கும்பிட்டு, சுந்தர மகாலிங்கத்தைப் பார்த்து, சந்தன மகாலிங்கத்தைப் பார்த்து, அன்னதானம் சாப்பிட்டு இறங்கின கால் இது. அதனால் செருப்போடு ஏறுவதே எனக்குச் சொகுசாகத்தான் இருந்தது. ஒன்றுதான் உறுத்தியது: யாருக்காக ஏறுகிறோம்?

வழியில் ஒரு இரும்புக் கதவு. மாடுகள் வெளியே போகாமல் இருக்க. அதைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் பாதைக்கு நடுவே ஒரு கறுப்புப் பசு. காதில் மஞ்சள் வில்லை, அதில் எண். நடுவகிடு எடுத்த மாதிரி நெற்றியில் வெள்ளைக் கோடு. மூக்கு நுனியில் பச்சைச் சாறு. எங்களைப் பார்த்தும் அசையவில்லை, அசைபோடுவதையும் நிறுத்தவில்லை. காய்ந்த புல் கோடையில் தீப்பிடிக்காமல் இருக்க, பூங்கா நிர்வாகமே மாடுகளை மேய விடுகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் நாலடி தள்ளி நின்று, "ஏய், கிட்டப் போகாத, அமெரிக்க மாடு" என்றார். நான் போய்ப் பின்பக்கம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது வால் முடியால் என் ஸ்வெட்டரில் ஒரு தட்டு தட்டியது. ஐப்பசிக்குப் பிறகு அவரைத் தவிர என்னைத் தொட்ட முதல் உயிர் அதுதான்.

எதிரே ஒரு இந்திய ஜோடி வந்தது. அந்தக் காலத்தில் மலைமேல் ஒரு இந்திய முகம் என்றால் நின்றுதான் ஆக வேண்டும். எந்த ஊர், எந்தக் கம்பெனி, எந்த விசா, எந்தக் கடையில் நல்ல புளி. அவர்கள் குண்டூர்க்காரர்கள். பேனா இல்லாததால் தொலைபேசி எண்ணை நான் மனப்பாடம் செய்தேன். அந்தப் பெண்ணோடு இன்றைக்கும் பழக்கம் இருக்கிறது; அவள் மகளுக்குச் சீமந்தம் செய்தபோது வளையல் அடுக்கியது நான்.

உச்சிக்குப் போனோம். காற்று காதை அறுத்தது. நான் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு, இவ்வளவு தூரம் ஏறி வந்ததற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு இரும்புக் கம்பம். ஆளுயரத்துக்கு மேலே, பக்கவாட்டில் சின்னச் சின்னக் குழாய்கள் துருத்திக்கொண்டு. அவ்வளவுதான். 1990-ல் ஒரு பூங்காக் காவலர் நட்டது. அந்தக் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு இடத்தைக் காட்டும். எனக்கு அது வேலா, சூலமா, கொடிமரமா என்று பிடிபடவில்லை. பழக்கதோஷம், ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

கம்பத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அப்பளத் தூளைச் சோற்றின் மேலே தூவிக்கொண்டோம். மேற்கே விரிகுடாவின் ஓரமெல்லாம் உப்பளம். தூத்துக்குடி போகிற வழியில் பார்த்ததுதான், ஆனால் சில பாத்திகள் செங்கல் நிறத்தில், சில பாத்திகள் இளஞ்சிவப்பில் இருந்தன. அவர் கையை நீட்டி ஊரெல்லாம் காட்டினார். அது சான் ஃபிரான்சிஸ்கோ, இது ஓக்லண்ட், அந்த வெள்ளைக் கூம்பு ஹாமில்டன் மலை வானாய்வுக் கூடம். பாதி சரி, பாதி துணிச்சல். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது. கீழே நீளமாகக் கிடந்த ஒரு தொழிற்சாலையைக் காட்டி, "நம்ம காரு அங்கதான் பிறந்துச்சு" என்றார். அது மட்டும் முழுக்கச் சரி. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக 1984 முதல் நடத்திய ஆலை அது. எங்கள் கொரோலா அங்கே செய்ததுதான். நாங்கள் அதன் மூன்றாவது சொந்தக்காரர்கள்.

காமிராவில் 36 படச் சுருள். அதில் கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தது எல்லாம் இருந்தது. மிச்சம் சொற்பம். அதனால் வழியில் போன ஒரு வெள்ளைக்காரரிடம் கொடுத்து ஒரே ஒரு படம். இன்னொன்று எடுக்கவா என்று அவர் கேட்டபோது நாங்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். கழுவி வந்தபோது படத்தில் கம்பம் நேராக நின்றது, நான் துப்பட்டாவோடு முறைத்துக்கொண்டிருந்தேன், இவர் கண்ணை மூடியிருந்தார். அதைத்தான் ஊருக்கு அனுப்பினோம்.

படம் போய்ச் சேர்ந்த வாரம், சுரண்டி எண் பார்க்கிற டெலிபோன் அட்டையில் அத்தையோடு பேசினேன்.

"படம் வந்துச்சு தாயி. மலை நல்ல பச்சையா இருக்கு. மேல என்ன சாமி?"

"சாமி இல்லத்தே. ஒரு கம்பம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. அட்டையில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப எதுக்குத் தாயி ஏறுனீங்க?"

அதற்கு நான் சொன்ன பதில் நினைவில்லை. இவருக்கும் நினைவில்லை. நல்ல பதில் என்றால் யாராவது ஒருவருக்கு நினைவிருக்கும்.

இப்போது ஏன் ஏறுகிறோம் என்பதற்குப் பதில் இருக்கிறது. எழுத்தில், ஆய்வக முத்திரையோடு. இவருடைய மூன்று மாதச் சர்க்கரை 7-ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். மகள் பாஸ்டனிலிருந்து அதை உத்தரவாக்கினாள். அதற்குப் பிறகு நடந்தது ஒரு மென்பொருள் வெளியீட்டுக்கு உரிய முன்னேற்பாடு. தேதி குறிக்கவே இரண்டு வாரம். ஒரு சனிக்கிழமை மழை. களிமண் பாதை ஷூவில் அப்பினால் ஆளுக்கு ரெண்டு கிலோ கூடும் என்பதால் ரத்து. அடுத்த ஞாயிறு கச்சேரி. காலியாக இருந்த ஒரே சனிக்கிழமையில் நாட்காட்டி அழைப்பு அனுப்பினார். பக்கத்து அறையிலிருந்து. நான் ஏற்றுக்கொண்டேன்.

சாமான்கள். கணுக்காலைப் பிடிக்கிற ஷூ, வியர்வை உறிஞ்சுகிற காலுறை, முழங்கால் உறை இரண்டு ஜோடி, மடக்கி நீட்டுகிற கைத்தடி நான்கு, முதுகுப் பைக்குள் தண்ணீர்ப் பையும் அதிலிருந்து வாய்வரை வரும் குழாயும், உண்ணிக்கு ஒரு தெளிப்பான், வெயிலுக்கு ஒரு களிம்பு, உப்புச்சத்து மாத்திரை, எண்ணி வைத்த பாதாம். இந்த மலை மாறியிருக்கக்கூடும் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், எவரெஸ்ட்டாக. பால் கேனில் தண்ணீர் எடுத்துப்போனதைச் சொன்னால் மகள், "பிளாஸ்டிக்காம்மா?" என்று கேட்கிறாள். அவளுக்கு அதில் கவலைக்குரியதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

புளியோதரை உண்டு. வரகரிசியில். டாக்டருக்கும் அத்தைக்கும் நடுவில் நான் செய்துவைத்த சமரசம். யாருக்கும் பிடிக்கவில்லை என்பதால் அது நியாயமான சமரசம்தான்.

காலை ஏழரைக்கு ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ போய்ச் சேர்ந்தோம். அடிவாரத்தில் இருக்கும் நிறுத்துமிடம் ஐம்பது வண்டிக்குக் கூடக் காணாது. சுற்றுத் தெருக்களில் வார இறுதியில் குடியிருப்போர் அனுமதி வில்லை ஒட்டிய வண்டிகளைத்தான் விடுவார்கள். இது ஒரு வகையில் நம் ஆட்களும் சேர்ந்து வாங்கித் தந்த பெருமை. படம் எடுத்துப் போட்டுப் போட்டு, வாரக் கடைசியில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்து, வீட்டு வாசலில் குப்பையும் கூச்சலும் தாங்காமல் அங்கே இருந்தவர்கள் நகராட்சியிடம் போனார்கள். வீடுகளில் இப்போது நம்மவர்களும் நிறைய. அனுமதி வில்லை இல்லாத தமிழர்களைப் பற்றி அனுமதி வில்லை உள்ள தமிழர்கள் புகார் கொடுக்கிற அளவுக்கு நாம் முன்னேறியிருக்கிறோம்.

யாராவது சாவியைக் கையில் எடுத்தால் போதும், அவர் பின்னாலேயே மூன்று வண்டி ஊர்ந்து போகிறது. இவர் ஒரு அம்மாளைப் பின்தொடர்ந்து ஓட்டினார். அந்த அம்மாள் வண்டியைத் திறந்து, ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு, மறுபடி மலைக்கே போய்விட்டார். சரி என்று ஒலோனிக் கல்லூரிப் பக்கம் போனோம். அங்கே காசு கட்டினால் இடம் உண்டு. காசு கட்டச் செயலி. செயலிக்கு ரகசியச் சொல். கோபோலில் எழுதின பழைய நிரல்களை ஒரு வரி விடாமல் நினைவில் வைத்திருந்த மனுஷன், ரகசியச் சொல் நினைவில்லாமல் மலை அடிவாரத்தில் கால் மணி நேரம் நின்றார். கடைசியில் அது எங்கள் கல்யாணத் தேதி என்று தெரிந்தது.

கல்லூரி வழி கொஞ்சம் நீளம். ஆனால் ஆரம்பத்தில் மரநிழல் உண்டு, ஏற்றமும் இதமானது. வயசுக்கு இது தேவலை என்று நானும், நீளமான வழியில் கலோரி கூட என்று அவரும் சமாதானம் செய்துகொண்டோம். அவர் கையில் கட்டியிருக்கிற கடிகாரம் நாடி எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, நேற்றுத் தூங்கினது எவ்வளவு எல்லாம் சொல்கிறது. ஐந்து நிமிஷம் நின்றால் நடக்கச் சொல்கிறது. கல்யாணமான புதிதில் நான் சொன்னால் கேட்டார்; இப்போது அது சொன்னால் கேட்கிறார்.

பின்னால் ஒரு கூட்டம் இளம்பிள்ளைகள் வந்தார்கள். பையிலிருந்த ஒலிபெருக்கியில் அனிருத். எங்களைத் தாண்டும்போது சத்தத்தைக் குறைத்து, "எக்ஸ்க்யூஸ் மீ அங்கிள்" என்றான் ஒரு பையன். இவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார், அடுத்த வளைவுவரை. அரை மைலுக்குள் மூன்று தமிழ்க் குடும்பம் எதிரே வந்தது. ஒரு வீட்டில் மாவு புளிக்காத சண்டை, ஒரு வீட்டில் பிள்ளையின் கணக்கு மதிப்பெண், ஒரு வீட்டில் மாமியார் வருகை. எல்லாம் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் பேசுவதும் அவர்களுக்குப் புரிந்தது. அதனாலேயே ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேலே ஏறி வெட்டவெளிக்கு வந்ததும் மாடு. அந்த வம்சத்தில் எத்தனையாவது தலைமுறையோ, இதுவும் கறுப்பு, காதில் வில்லை. இப்போது கதவில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்: மாடுகளை நெருங்காதீர்கள், தொடாதீர்கள். நான் பலகைக்குக் கட்டுப்பட்டுத் தூரத்திலிருந்து கும்பிட்டேன். இவர்தான் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொள்ளாமல் மாட்டைப் பார்க்கிற சாக்கில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். ஃபோன் அடித்தது. பாஸ்டன்.

"அம்மா, ஏன் ஒரே இடத்துல நிக்கிறீங்க? ஒன்பது நிமிஷமா புள்ளி நகரல."

"அப்பா மாடு பார்க்கிறாரு."

"அவருக்கு ஓகேவா? ஹார்ட் ரேட் என்ன?"

கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் அங்கிருந்தே தண்ணீர் குடிக்கச் சொன்னாள். மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து உத்தரவு வர, இவர் மாட்டுக்கு முன்னால் குழாயைக் கடித்து உறிஞ்சினார். மாடு அசைபோடுவதை ஒரு கணம் நிறுத்திப் பார்த்தது.

உச்சிக்கு நூறடி கீழே வரிசை ஆரம்பித்தது. கம்பத்தோடு படம் எடுக்க. முன்னால் நிற்கிறவர்கள் கம்பத்தைப் பிடிக்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், சிலர் மேலேயே ஏறி நின்று இரண்டு கையையும் விரிக்கிறார்கள். தாவணி மாற்றிக்கொண்டு வந்து போஸ் கொடுத்த ஒரு பெண்ணைக்கூடப் பார்த்தேன். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தவர், நாங்கள் நின்ற நேரத்தில் ஒருவரும் இல்லை. சுற்றியிருக்கிற மண்ணை, தண்ணீரை, தூரத்து மலையைப் பாருங்கள் என்று அந்தக் காவலர் நட்டுவைத்த கம்பம். எல்லோரும் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனைப் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு சீனத் தாத்தா, பாட்டி. எழுபதுக்கு மேலே இருக்கும். துணி ஷூ, கையில் மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பை. கைத்தடி இல்லை, கடிகாரம் இல்லை. எங்களுக்கு அப்புறம் கிளம்பி எங்களைத் தாண்டி வந்தவர்கள். தாத்தா பையிலிருந்து ஆரஞ்சு எடுத்துத் தோலை ஒரே சுருளாக உரித்து, பாதியைப் பாட்டிக்கும் பாதியை எனக்கும் கொடுத்தார். தோலை மடித்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். இவர் அதில் சர்க்கரை எவ்வளவு என்று ஃபோனில் தேடுவதற்குள் நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

வரிசையில் நிற்கும்போது அத்தைக்கு வீடியோ அழைப்பு போட்டோம். அத்தைக்கு எண்பத்தைந்து. கண் மங்கல், காது கூர்மை, நினைவு அதைவிடக் கூர்மை.

"எங்க நிக்கிறீங்க?"

"அன்னைக்குப் படம் அனுப்பினோம்ல, அந்த மலை அத்தே."

இவர் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். வரிசை, கம்பம், கம்பத்தைத் தொட்டுக் கட்டிக்கொள்ளும் ஜனம், கீழே இன்னும் ஏறி வந்துகொண்டிருக்கும் ஜனம்.

"ஆத்தாடி, என்ன கூட்டம்! இன்னைக்கு என்ன விசேஷம் அங்க?"

"சனிக்கிழமை அத்தே. அவ்வளவுதான்."

"சனிக்கிழமை சாமியா? அன்னைக்கு நீ சாமியே இல்லைன்னே. கும்பிட்டுக்க தாயி. இவ்வளவு சனம் சும்மா வராது."

நான் மறுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கேள்விக்கு அவரே கண்டுபிடித்த பதிலைவிட நல்லது என்னிடம் இல்லை.

கீழே காட்சி மாறித்தான் இருக்கிறது. எங்கள் கொரோலா பிறந்த ஆலையை 2010-ல் மூடினார்கள். அதே வருஷம் டெஸ்லா வாங்கியது. இன்றைக்குக் கல்லூரி நிறுத்துமிடத்தில் நின்ற வண்டிகளில் பாதி அங்கே பிறந்தவைதான், எங்களுடையதும் சேர்த்து. ஆக, கார் பிறந்த வீடு மாறவில்லை, பெயர்ப் பலகை மட்டும் மாறியது. உப்பளங்களில் சுமார் 15,000 ஏக்கரை 2003-ல் அரசு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை உடைத்துக் கடல் தண்ணீரை உள்ளே விட்டுப் பழைய சதுப்பாக்கி வருகிறார்கள். செங்கல் நிறப் பாத்திகள் குறைந்துவிட்டன. பறவைகளுக்கு நல்லது. மேற்குச் சரிவில் 1998 மார்ச்சில் எல்நினோ மழைக்கு மலை சரிந்த இடம் இப்போதும் தெரிகிறது. நாங்கள் முதல்முறை ஏறும்போது அது ஒரு வருஷத்துப் பச்சைப் புண். இப்போது புல் மூடிய தழும்பு. இதெல்லாம் இவர் சொல்லவில்லை. கையை நீட்டி ஊர் காட்டுகிற பழக்கம் போய்விட்டது. ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் எந்த மலை எது என்று அதுவே பெயர் எழுதிக் காட்டுகிறது. எல்லாம் சரியாகவே இருக்கிறது. நான் அந்தப் பாதித் துணிச்சலுக்காகக் கொஞ்சம் ஏங்கினேன் என்று சொன்னால் அவர் ஃபோனில் பதிவுசெய்துகொள்வார்.

எங்கள் முறை வந்தது. பின்னால் நின்ற பையனிடம் ஃபோனைக் கொடுத்தோம். கேட்காமலே நாற்பதுக்குக் குறையாமல் சுட்டுத் தள்ளினான். பார்த்தால் எல்லாவற்றிலும் இவர் கண்ணை மூடியிருக்கிறார். காற்று என்கிறார். 1999-லும் காற்றுதானாம். மறுபடி எடுக்கச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் பொறுமைசாலிகள்.

இறங்குவதுதான் இப்போது பாடு. ஏறும்போது நெஞ்சு பேசும், இறங்கும்போது முழங்கால் பேசும். கைத்தடி நான்கும் டக் டக்கென்று தட்டிக்கொண்டு வர, ரெண்டு பேரும் நாலுகால் பிராணிகளாக இறங்கினோம். அடிவாரத்தில் கடிகாரம் அதிர்ந்து, இவர் இன்றைய இலக்கை முடித்துவிட்டதாகப் பாராட்டியது. அந்தப் பாராட்டைக் கொண்டாட நேராக ஒரு சாட் கடைக்குப் போய் சமோசாவும் சர்க்கரை போட்ட மசாலா டீயும் சாப்பிட்டார். கடிகாரத்துக்கு வாய்க்குள் போவது தெரியாது. பாஸ்டனுக்கும் இந்தக் கட்டுரை வெளிவரும்வரை தெரியாது.

எங்கள் ஊர் மலையும் மாறிவிட்டது என்று கேள்வி. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கியாயிற்று. இப்போது தாணிப்பாறையில் வனத்துறை வாசல் இருக்கிறது, நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, பை சோதனை இருக்கிறது. புலிக்கும் அணிலுக்கும் அது நல்லதுதான். போன தடவை ஊருக்குப் போனபோது ஏறலாம் என்று இவரைக் கூப்பிட்டேன். "அங்க சிக்னல் இருக்குமா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமைக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிக்குள் போய்விடுங்கள். மே பிறந்தால் புல் காய்ந்துவிடும், வெயிலும் பொறுக்காது. மழை பெய்த மறுநாள் வேண்டாம், மண் ஒட்டும். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூவில் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கல்லூரிப் பக்கம் போங்கள், ரகசியச் சொல்லை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், மேலே கிடையாது. மாட்டுக்கு வழிவிடுங்கள், அது உங்களுக்கு விடாது. கம்பத்தின் மேல் ஏறாதீர்கள். ஒரு குழாய்க்குள்ளாவது கண்ணை வைத்துப் பாருங்கள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். இவர் கண் திறந்த படம் ஒன்று கிடைக்கும்வரை நாங்கள் நகர மாட்டோம்.